ஸ்டேடியத்தைச் சுத்தி முந்நூறு கிராம்

முந்நூறு கிராம்னா அப்படி என்ன பெரிய சமாச்சாரம், மூணு தக்காளியைக் கையில எடுத்தா வர்ற எடை, அதுக்காக இந்தச் சித்திரை வெயில்ல குப்பை போடற பிளாஸ்டிக் பையில தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கிட்டு, அதுக்கு மேல ரெண்டு ஸ்வெட்டர், அதுக்கும் மேல அப்பாவோட மழைக்கோட்டு, இந்தக் கோலத்துல பெரியமேட்டுல ஸ்டேடியத்தைச் சுத்தி ஓடிக்கிட்டிருக்கேன். பாக்கறவங்க பாக்கட்டும். எந்த வீட்டு லூசோன்னு நெனைச்சுக்கட்டும். மணி ஒம்பது இருபது. பத்து ஆச்சுன்னா எடை ரூம் கதவைச் சாத்திடுவாங்க. ஒம்பது அஞ்சுக்கு ஏறி நின்னேன், சிவப்பு எழுத்துல நாப்பத்தொம்பது கிலோ முந்நூறு கிராம்னு காட்டுச்சு, மிஷின் பக்கத்துல உக்காந்திருந்த மேடம் உதட்டைப் பிதுக்கினாங்க. "நாப்பத்தொம்பதுக்கு மேல ஒரு பொட்டு இருந்தாலும் சேத்துக்க மாட்டோம்மா. பத்து வரைக்கும் டைம் இருக்கு, எத்தனை வாட்டி வேணா வந்து ஏறு." நாப்பத்தொம்பது கிலோ என் பிரிவு. பதினோரு மணிக்கு மேடை. இதுல மொத எடத்துல வந்தா தமிழ்நாடு டீம், டீம்ல போய்ட்டு வந்தா விளையாட்டுக் கோட்டாவுல ஒரு வேலை, அதுவும் இந்த வருஷத்தோட எனக்கு ஜூனியர் வயசு முடியுது, அடுத்த வருஷம்னு ஒண்ணு எனக்குக் கெடையாது. மேல் பிரிவுக்குப் போகலாமேன்னு சொல்லிடுவாங்க சுலபமா, அங்க இருக்கறவளுங்க நான் தூக்கறதுக்கு மேல இருபது கிலோ தூக்கறாளுங்க, அவளுங்களுக்கு நடுவுல நான் போய் நின்னா விசிறிதான் வீசலாம். வேதமாணிக்கம் சார்தான் எனக்கு வேலூர்ல பளு தூக்கக் கத்துக் குடுத்தவரு, அவரு திட்டக்கூட இல்ல, திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். காலி வாட்டர் பாட்டிலைக் கையில குடுத்து, "ஓடு. ஸ்டேடியத்தைச் சுத்தி வெறும் சாப்பாட்டுக் கடைங்கதான். ஒவ்வொண்ணையும் நல்லா மோந்து பாரு, வாய் ஊறும். ஊறினதை முழுங்கிடாதே, இதுல துப்பு"ன்னாரு.

துப்பறேன். எனக்குத் தெரிஞ்சு சாப்பாட்டுக் கடையை இப்படி யாரும் பாத்திருக்க மாட்டாங்க, எங்க நல்லா இருக்கும், எங்க வெலை கம்மின்னுதான் பாப்பாங்க, நான் எந்தக் கடையில எத்தனை வாய் துப்பலாம்னு பாக்கறேன். கேட்டைத் தாண்டினா மொதல்ல டீக்கடை, பாலைத் தூக்கி ஆத்தறான், ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கான், அது ஒரு வாய். பக்கத்துல எண்ணெய்ச் சட்டில மெதுவடை மெதக்குது, அது ரெண்டு வாய். அப்புறம் எளநீ வண்டி, அங்க அப்பா நடைபாதைல என் பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, எளநீயைப் பாத்தா எச்சில் ஊறாது, தொண்டைதான் வலிக்கும், அதனால அங்க பாக்கறதில்ல. வளைஞ்சு திரும்பினா கௌமாரி டிபன் சென்டர், வாசல்லயே தோசைக்கல்லு, நெய் ரோஸ்ட்டைச் சுருட்டி எடுக்கறப்ப ஒரு வாசனை வருது பாருங்க, அடப்பாவி, அது மூணு வாய். அதைத் தாண்டி ரெண்டு ஷூ கடை, டிராக் பேன்ட் தொங்குது, பிரயோஜனமில்ல. அப்புறம் பாய் கடை, அண்டாவுல பிரியாணி வெந்துக்கிட்டிருக்கு, மூடியைத் தொறக்கவே இல்ல, ஆனாலும் பட்டை கிராம்பு வாசனை ரோட்டுக்கு இந்தப் பக்கம் வருது, அதுக்கு எண்ணிக்கையே இல்ல. கரும்பு ஜூஸ் மிஷின், சலங்கை கட்டி விட்டிருக்கான், எலுமிச்சையும் இஞ்சியும் வெச்சு மடிச்சுக் குடுத்து நசுக்கறான், எலுமிச்சைன்னு நெனைச்சாலே ஊறுது. கடைசியா கூழ் வண்டி, ஒரு அம்மா கேழ்வரகுக் கூழைக் கரைச்சு மோர் ஊத்தி சின்ன வெங்காயம் போட்டு நீட்டுது, ஆட்டோக்காரர் ஒருத்தர் மோர் மொளகாயைக் கடிச்சுக்கிட்டே குடிக்கறாரு, கர்ருக்குனு சத்தம் எனக்குக் கேக்குது. மறுபடி ஸ்டேடியம் கேட்டு. ஒரு சுத்துக்கு ஏழு நிமிஷம். அஞ்சு சுத்து வரும். பாட்டிலைத் தூக்கிப் பாத்தேன், அடியில நுரையா ஒரு விரக்கடை. இது அம்பது கிராம்கூட இருக்காது. மீதியெல்லாம் வேர்வையில போகணும். வேர்வை வரல.

அதுதான் பயம். இவ்வளவு துணிக்குள்ள இவ்வளவு ஓட்டத்துக்கு ஒடம்பு ஊத்து மாதிரி கொட்டணும், நெத்தியத் தொட்டுப் பாத்தா உப்புத்தாள் மாதிரி காஞ்சிருக்கு. கொட்டறதுக்கு உள்ள தண்ணி வேணுமே. நேத்து மதியம் ரெண்டு மணிக்குக் குடிச்ச அரை டம்ளர்தான் கடைசி. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது, பிரிக்கறப்ப டக்குனு சத்தம் வருது. போன வருஷம் ஒரு போட்டில எனக்குப் பக்கத்து ரூம்ல இருந்த பொண்ணு இப்படித்தான் ஓடி ஓடி எடையைக் கொறைச்சா, கொறைச்சு கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்து, "அக்கா, எனக்கு வலது கண்ணு தெரியல"ன்னு சொன்னா, சொல்லிட்டே உக்காந்தா, அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல, ஸ்ட்ரெச்சர்ல தூக்கிக்கிட்டுப் போனாங்க. ரெண்டு நாள்ல நல்லாயிட்டா, அது வேற விஷயம். ஆனா அவ சொன்னப்ப அவ குரல் சாதாரணமா இருந்துச்சு, பஸ் வந்துடுச்சான்னு கேக்கற மாதிரி சொன்னா, அதுதான் எனக்கு ராத்திரில நெனைப்புக்கு வரும். வலது கண்ணை மூடிப் பாத்தேன், எடது கண்ணை மூடிப் பாத்தேன், ரெண்டும் தெரியுது. நெஞ்சு அடிக்கற சத்தம் பிளாஸ்டிக் பைக்குள்ள சரசரன்னு கேக்குது. எனக்கு பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றது, சார்கிட்ட சொன்னா பயத்துக்கு எடை கெடையாது ஓடுன்னுவாரு. எளநீ வண்டிகிட்ட வந்துட்டேன். "ஒம்பது இருபத்தேழு ம்மா," அப்பா நேரத்தை மட்டும் சொல்றாரு, தலையைத் தூக்காம என் பையோட ஜிப்பைத் தடவிக்கிட்டே சொல்றாரு.

ரெண்டாவது சுத்து, கௌமாரி வாசல்ல கொஞ்சம் நின்னேன், ஓடிக்கிட்டே துப்பினா பாதி கோட்டு மேல வழியுது, நின்னு மோந்தா நல்லா வரும்னு பட்டுச்சு. தோசை மாஸ்டர் கல்லுல தண்ணி தெளிச்சாரு, புஸ்ஸுன்னு ஆவி வந்துச்சு, மொகத்தை நீட்டி இழுத்து இழுத்து மோந்து பாட்டில்ல துப்பினேன். உள்ளயிருந்து மொதலாளி எழுந்து வந்தாரு, நெத்தியில பெரிய குங்குமப் பொட்டு, தோள்ல துண்டு. "ஏம்மா, அறிவிருக்கா? நாலு பேர் சாப்பிடற எடத்துல வந்து காறித் துப்பறே?" "காறல அண்ணே, எச்சில்தான். பாட்டில்லதான் துப்பறேன்." "பாட்டில்ல துப்பினா அது தீர்த்தமா? போம்மா அந்தாண்ட." "போறேன், இன்னும் ரெண்டு தோசை ஊத்துங்க, பாத்துட்டுப் போய்டறேன்." அவர் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு, மழைக்கோட்டு, பிளாஸ்டிக் பை, கையில பாட்டில். "பசிக்குதாம்மா? காசு இல்லன்னா சொல்லு, ரெண்டு இட்லி தரேன், உக்காரு"ன்னாரு, குரலே மாறிடுச்சு. ஐயோ அண்ணே, அதை மட்டும் சொல்லாதீங்க. அழுகை வந்துடுச்சு எனக்கு, கண்ணுல தண்ணி வந்துச்சு, வேர்வை வராத ஒடம்புக்குக் கண்ணீர் மட்டும் எங்கயிருந்து வருதோ, வரட்டும், அதுவும் எடைதானே, துடைக்காம விட்டேன். "பத்து மணிக்கு மேல வரேண்ணே, எடுத்து வெய்யிங்க"ன்னு கத்திட்டு ஓடினேன். பின்னாடி அவர் யார்கிட்டயோ, "பாவம்யா, நல்ல குடும்பத்துப் பொண்ணு மாதிரி தெரியுது"ன்னு சொல்றது கேட்டுச்சு.

சரி, இந்த முந்நூறு எங்கயிருந்து வந்துச்சு, அதைச் சொல்லுங்க மொதல்ல. நேத்து சாயந்தரம் ரயிலுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி நம்ம கடையில ஏறி நின்னேன், சரியா நாப்பத்தொம்பது. எங்கப்பா சத்துவாச்சாரியில பழைய இரும்புக் கடை வெச்சிருக்காரு, இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர், அட்டைப்பெட்டி எல்லாம் எடுப்பாரு, கடை வாசல்ல மேடைத் தராசு ஒண்ணு இருக்கு, ஆள் ஏறி நிக்கற மாதிரி பலகை, பக்கத்துல கம்பம், கம்பத்து மேல தண்டு, தண்டுல குண்டைத் தள்ளித் தள்ளிப் பாக்கணும். கிளப்புல இருந்த மிஷின் ரெண்டு மாசமா ரிப்பேர், அதனால தினம் அதுலதான் பாத்துக்கிட்டு வந்தேன். தூங்கினா ராத்திரில தானா முந்நூறு நானூறு எறங்கும், எப்பவும் எறங்கும், அதனால சார் போன்ல, "சரியா நாப்பத்தொம்பது இருக்கா? அப்ப ராத்திரி ஒரு கை தயிர்சாதம் சாப்பிட்டுக்க, இல்லன்னா நாளைக்குக் கையில தெம்பு இருக்காது"ன்னாரு. சாப்பிட்டேன். ஒரு கைதான், சத்தியமா. ஒரு கை தயிர்சாதம் இருநூறு, மிஞ்சிப்போனா இருநூத்தம்பது. அது வந்துச்சு, தூக்கத்துல அது போச்சு. அப்ப மிச்சம் எங்க? திரும்பத் திரும்பக் கூட்டிக் கழிச்சுப் பாக்கறேன், ஓடிக்கிட்டே, பாய் கடை அண்டாவைத் தாண்டறப்பயும் அதேதான், கரும்பு மிஷினைத் தாண்டறப்பயும் அதேதான், துப்பவே மறந்துட்டேன். தூக்கத்துல எழுந்து போய்த் தண்ணி குடிச்சிட்டேனா? சார் அப்படித்தான் பாத்தாரு என்னை, நீ எங்கயோ ஏமாத்திட்டேங்கற மாதிரி, வாயால கேக்கல. கேட்டிருந்தா கத்தியிருப்பேன். அப்பாவும் கேக்கல.

அப்பா கேக்கலயே. மூணாவது சுத்து, ஷூ கடைகிட்ட வரப்பதான் அது எனக்கு ஒறைச்சுது. எங்கப்பா குணசீலன் யாருன்னு எங்க தெருவுல கேளுங்க, பஸ்ல கடைசி சீட்டு குடுத்தா கண்டக்டர்கிட்ட சண்டை, ஹோட்டல்ல வடை சின்னதா இருந்தா மொதலாளியைக் கூப்பிட்டுச் சண்டை, தப்பே இல்லன்னாலும் சண்டை. பெத்த பொண்ணுக்கு மிஷின் முந்நூறு கூடக் காட்டுதுன்னு நான் வெளிய வந்து சொன்னப்ப அந்த மனுஷன் என்ன செஞ்சிருக்கணும், உங்க மிஷின் ரிப்பேரு, எங்க கடையில நேத்துதான் பாத்தோம், கூப்பிடுங்கய்யா உங்க பெரிய ஆளைன்னு ஸ்டேடியம் கூரை எகிற கத்தியிருக்கணும். "ஓடும்மா"ன்னாரு. அவ்வளவுதான். எவ்வளவு கூடன்னுகூடக் கேக்கல, முந்நூறுன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே மழைக்கோட்டைப் பையிலேருந்து எடுத்துட்டாரு. வேலூர் வெயில்லேருந்து மெட்ராஸ் வெயிலுக்கு வர ஆளு மழைக்கோட்டை எதுக்கு எடுத்துக்கிட்டு வந்தாரு? அப்புறம் நேத்து ராத்திரி இங்க லாட்ஜ் ரூம்ல. தயிர்சாதப் பொட்டலத்தை வாங்கிட்டு வந்து குடுக்காம முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு நின்னாரு. "வேணாம் பாப்பா. எதுக்கும் இருக்கட்டும்." "எதுக்கும்னா எதுக்கு? சார் சொல்லிட்டாருப்பா, நாப்பத்தொம்பது சரியா இருக்கு, நீதானே பாத்தே." "பாத்தேன்ம்மா, இருந்தாலும்." "இருந்தாலும் என்ன இருந்தாலும், பசி தாங்கல எனக்கு, குடு இப்படி." புடுங்கினேன். குடுத்துட்டு, டீ குடிச்சிட்டு வரேன்னு கீழ போய்ட்டாரு. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வந்தாரு. எங்கப்பா டீயே குடிக்க மாட்டாரு.

தராசு. தண்டோட கோடியில, திருப்பிப் பாத்தா அடிப் பக்கமா, கறுப்பு டேப்பு சுத்தின ஒரு கட்டி, நெல்லிக்கா அளவு இருக்கும். தீபாவளிக்கு முன்னாடி நான்தான் தராசைத் துடைச்சேன், டேப்பு ஓரம் பிரிஞ்சிருந்துச்சு, உள்ள ஈயம், ஈயம்னு தெரிஞ்சுது, இரும்புக் கடைக்காரன் பொண்ணுக்கு ஈயம் தெரியாதா, தராசுன்னா அப்படித்தான் இருக்கும்போலன்னு நெனைச்சு டேப்பை நானே நல்லா இழுத்து ஒட்டினேன். குண்டு இருக்கற பக்கத்துல கூடுதல் பாரம் இருந்தா இந்தப் பக்கம் என்ன வெச்சாலும் கம்மியாத்தான் காட்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு சுத்து ஆச்சு, ஆறு மாசம் ஆச்சு. எது வெச்சாலும் முந்நூறு கம்மி. அட்டைப்பெட்டி வெச்சாலும் கம்மி, நான் ஏறினாலும் கம்மி. நேத்து நான் ஏறி நின்னப்ப எனக்குப் பின்னாடி லோகம்மா நின்னுச்சு, தினம் கடைத் தெருவுல அட்டைப்பெட்டி பொறுக்கி மடிச்சுக் கட்டித் தலையில தூக்கிக்கிட்டு வர்ற அம்மா, வெயில்ல மொகமெல்லாம் கருத்துப் போயிருக்கும். அப்பா குண்டைத் தள்ளினாரு, தண்டு ஆடி நின்னுச்சு, "நாப்பத்தொம்பது. கரெக்ட்டு"ன்னு சத்தமா சொன்னாரு, அவ்வளவு சத்தமா ஏன் சொன்னாருன்னு அப்ப தோணல. லோகம்மா சிரிச்சுக்கிட்டே, "என்னா பொண்ணு நீ, எலும்பும் தோலுமா, நல்லாத் தின்னு"ன்னுச்சு. அந்த அம்மா எதிர்ல, இல்லம்மா இன்னும் ஒரு முந்நூறு சேத்துக்கணும்னு எங்கப்பாவால எப்படிச் சொல்ல முடியும்? சொல்லல. நான் பத்து வருஷம் கேவலப்பட்டாலும் பரவால்ல, அட்டை பொறுக்கற அம்மா எதிர்ல அவர் ஒரு நிமிஷம் கேவலப்படக் கூடாது.

எளநீ வண்டி வருது. பாக்க மாட்டேன். "ஒம்பது நாப்பத்தொண்ணு, இன்னும் பத்தொம்பது நிமிஷம், பாப்பா, மெதுவா"ன்னு குரல் கேக்குது. மெதுவாவா? மெதுவாவா சொல்றே? நீ வந்து ஓடு. காலை ஓங்கிப் போட்டேன், இன்னும் ஓங்கி, நடைபாதை விட்டு ரோட்டுல எறங்கி ஓடினேன், ஒரு பைக்குக்காரன் ஹாரன் அடிச்சான், போடான்னேன். கெட்ட வார்த்தை வருது வாயில, பெத்த அப்பனை இப்படியெல்லாம் நெனைக்கக் கூடாதுன்னும் வருது, ரெண்டும் ஒண்ணா வருது. இது பொய்யா இருக்கக் கூடாதா, அந்தக் கட்டி சும்மா ஒட்டினதா இருக்கக் கூடாதா, நான்தான் தூக்கத்துல தண்ணி குடிச்சிருக்கக் கூடாதா. தோசைக்காரர் கையை ஆட்டினாரு, பதிலுக்கு ஆட்டல. பாய் கடையில மூடியைத் தொறந்துட்டாங்க, ஆவி கொடை மாதிரி எழும்புது, எனக்கு வாய் ஊறல. அப்ப முதுகுத்தண்டு நடுவுல ஒரு சொட்டு எறங்கினது தெரிஞ்சுது. அப்புறம் காது பின்னாடி. அப்புறம் மொத்தமா, தலையிலேருந்து கொட்ட ஆரம்பிச்சுது, கண்ணுல எரிச்சல், பிளாஸ்டிக் பைக்குள்ள தொடை வரைக்கும் வழியுது, ஷூவுக்குள்ள நசநசங்குது. வெயிலுக்கு வராதது கோவத்துக்கு வந்துச்சு. கூழ் வண்டி அம்மா, "அடியே, விழுந்து கெடக்கப் போறேடி"ன்னு கத்துச்சு. விழ மாட்டேன். கரும்பு மிஷின் சலங்கை எனக்கு ரெண்டு மூணு மிஷினா கேக்குது, ரெண்டு கண்ணையும் மாத்தி மாத்தி மூடிப் பாக்கறேன், தெரியுது, வலது தெரியுது, எடது தெரியுது, ஓடு. அஞ்சாவது சுத்து முழுசா ஓடினேனான்னு நெனைப்பில்ல. எளநீ வண்டிகிட்ட அப்பா எழுந்து நின்னுக்கிட்டிருந்தது மட்டும் ஓரக்கண்ணுல தெரிஞ்சுது, நேரம் சொன்னாரோ என்னமோ, காதுல விழல.

ஒம்பது அம்பத்திரண்டுக்கு எடை ரூம். கோட்டு, ஸ்வெட்டர், பை, எல்லாத்தையும் அவுத்துப் போட்டேன், தரையில சொதசொதன்னு விழுந்துச்சு, துண்டால ஒடம்பு பூரா தொடைச்சேன், தலைமுடிய பிழிஞ்சேன், ஏறினேன். நாப்பத்தொம்பது கிலோ முப்பது கிராம். "முப்பதும்மா"ன்னாங்க மேடம், இந்த வாட்டி உதட்டைப் பிதுக்கல, எழுந்தே நின்னுட்டாங்க. சார் கதவுக்கு அந்தாண்டயிருந்து, "துப்பு யுவராணி, துப்பு, நேரம் இருக்கு"ன்னு கத்தறாரு. எதைத் துப்பறது, வாய் வறண்டு கெடக்கு, பிரியாணிய நெனைச்சுப் பாத்தேன் வரல, எலுமிச்சைய நெனைச்சேன் வரல, பக்கெட் முன்னாடி குந்திக்கிட்டு நாக்கைப் பல்லுல தேய்க்கறேன். பாத்ரூமுக்குப் போய் உக்காந்தேன், ரெண்டு சொட்டு, அதுவும் எரிஞ்சுக்கிட்டுப் போச்சு. எழுந்து வந்து மறுபடி தொடைச்சேன், விரலிடுக்கு, காது, முட்டிக்குப் பின்னாடி. ஒம்பது அம்பத்தேழு. ஏறினேன். கண்ணை மூடிக்கிட்டேன். மேடம் என் தோளைத் தொட்டாங்க. "பாரும்மா." நாப்பத்தொம்பது, அதுக்கப்புறம் ரெண்டு சைபர். கையெழுத்துப் போடறப்ப பேனா என் கையில நிக்கல, அவங்க என் மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டாங்க.

கௌமாரில ஓரத்து மேஜை. மொதலாளி நெசமாவே எடுத்து வெச்சிருக்காரு, எலையில நாலு இட்லி, ஒரு சொம்பு நெறைய தண்ணி, கூட உப்பும் சர்க்கரையும் கரைச்ச எலுமிச்சைத் தண்ணி. "மொதல்ல இதைக் கொஞ்சம் கொஞ்சமா குடி, அவசரப்படாதே"ங்கறாரு, வைத்தியர் மாதிரி. குடிச்சேன். தொண்டை வழியா அது எறங்கினது ஒவ்வொரு எடமா தெரிஞ்சுது. எதிர்ல அப்பா உக்காந்திருக்காரு, பையை இன்னும் மடியிலயே வெச்சிருக்காரு, அவரும் நேத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடலன்னு அவர் உதட்டைப் பாத்தாலே தெரியுது. மொத இட்லி உள்ள போச்சு. ரெண்டாவதைப் பிச்சப்ப, "நம்ம தராசு முந்நூறு கம்மியா காட்டும்மா"ன்னாரு, எலையைப் பாத்துக்கிட்டே. "தெரியும்"னேன், "மூணாவது சுத்துல தெரிஞ்சுது." "நேத்தே சொல்லியிருப்பேன். லோகம்மா நின்னுக்கிட்டிருந்துச்சு." "ரூம்ல லோகம்மா இல்லயேப்பா." அவர் துண்டை எடுத்து மொகத்தைத் தொடைச்சாரு, தொடைச்ச எடத்தையே மறுபடி தொடைச்சாரு. "ரூம்ல நீ இருந்தே"ன்னாரு.

கத்தணும்னு எவ்வளவோ சேத்து வெச்சிருந்தேன், அஞ்சு சுத்து ஓடிச் சேத்தது. "எப்பயிலேருந்துப்பா?"ன்னு மட்டும் கேட்டேன். மொதலாளி வந்து சாம்பார் ஊத்திட்டு, "உங்க பொண்ணாங்க? கெட்டிக்காரப் பொண்ணு"ன்னு சொல்லிட்டுப் போனாரு, அப்பா அவருக்குத் தலையை ஆட்டினாரு. அப்புறம் சொன்னாரு. "நீ ஏழாவது படிச்சப்ப. சார் நம்ம வீட்டுக்கு வந்தாரு இல்ல, இவளுக்குத் தினம் ஆறு முட்டை, ஒரு லிட்டர் பால், வாரம் ரெண்டு நாள் கறி, இதெல்லாம் உங்களால முடியும்னா சொல்லுங்க, நான் இவளை எடுத்துக்கறேன்னாரு. முடியும் சார்னு சொன்னேன். அந்த வாரம் ஒட்டினேன்." எட்டு வருஷம். மேஜை மேல என் ரெண்டு கையும் இருக்கு, இந்தத் தோளு, இந்த முன்னங்கை, பார்பெல் புடிச்சுப் புடிச்சுக் காய்ச்சுப் போன உள்ளங்கை, நாப்பத்தொம்பது கிலோ, சரியா. பதினோரு மணிக்கு மேடைல பேரைக் கூப்பிடுவாங்க. எலையில இன்னும் ரெண்டு இட்லி இருக்கு. அப்பா நிமிர்ந்து என் மொகத்தைப் பாக்கறாரு, காலைலேருந்து இப்பதான் பாக்கறாரு. கையில பிச்சு வெச்சிருந்ததை வாயில போட்டு மெல்லறேன். தண்ணி குடிச்சு எறக்கறேன், அடுத்ததைப் பிக்கறேன்.